எத்தனை கிலோ ஈயம்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லாக் ஃபைன் என்னும் நீண்ட கடற்கழியின் ஓரத்தில், பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைக் காலைகளில், கார்களின் பின்கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடைக்கு முதுகைக் காட்டியபடி உடை மாற்றிக்கொண்டிருக்கும் முக்குளிப்போரிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் எத்தனை கிலோ போட்டுக்கொள்கிறீர்கள்?" கேட்கப்பட்டவர் தமக்குப் பழக்கமான ஓர் எண்ணைச் சொல்வார்; கேட்டவர் தம் உடம்பையும் அவர் உடம்பையும் ஒரு பார்வையில் ஒப்பிட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று அந்த எண்ணோடு இரண்டு கிலோவைச் சேர்த்து, ஈயக் கட்டிகளைப் பட்டையில் கோத்துக்கொண்டு நீரில் இறங்கிவிடுவார். பல ஆண்டுகளாக இந்தக் கரையில் நின்று இந்தச் சம்பாஷணையைக் கேட்டும், ஒரு காலத்தில் நானே அதில் பங்கெடுத்தும் வந்தவன் என்ற உரிமையில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலர் உடையில் முக்குளிக்கும் ஒருவர் சுமக்க வேண்டிய ஈயத்தின் எடை பிறரைக் கேட்டு அறியக்கூடியதன்று. உடல் எடையை ஏதோ ஒரு விகிதத்தால் பெருக்கி அறியக்கூடியதுமன்று. தம் உடம்பு, தம் உடை, தம் சிலிண்டர் ஆகியவற்றோடு, அன்று இறங்கும் அதே நீரில், முக்குளிப்பின் கடைசி நிமிஷங்களில் இருக்கப்போகும் அதே நிலையில் பரீட்சித்தே அறிய வேண்டியது. இந்தப் பரீட்சையைச் செய்யவைக்காமல் மாணாக்கரை ஆழத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் எங்கே இருந்தாலும் அது கைவிடத் தக்கது.

வெதுவெதுப்பான கடலில் நீந்திப் பழகிய நம்மவருக்கு உலர் உடை என்பதே புதிதாக இருக்கலாம்; ஆகவே அதைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தின் இறுதியில் இந்தக் கழிகளில் நீரின் உஷ்ணம் ஆறு அல்லது ஏழு டிகிரிதான். நீரோ, காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக உடம்பின் சூட்டைக் கவர்ந்து செல்வது. நுரை ரப்பரால் ஆன வெட் சூட் தோலுக்கும் துணிக்கும் இடையே சிறிதளவு நீரை அனுமதித்து அதை உடம்பின் சூட்டாலேயே காய்ச்சிக்கொள்ளும் உபாயம். மன்னார் வளைகுடாவுக்கு அது போதும், இங்கே நெடுநேரம் தாங்காது. ட்ரை சூட் என்று எல்லோரும் வழங்கும் உலர் உடையோ, கழுத்திலும் மணிக்கட்டுகளிலும் லேடெக்ஸ் அல்லது சிலிக்கான் பட்டைகள் இறுகப் பற்ற, ஒரு சொட்டு நீரும் புகாதபடி உடம்பை அடைத்துவிடுகிறது. மார்பில் உள்ள வால்வு சிலிண்டரிலிருந்து காற்றை உடைக்குள் விடும். இடது மேற்கையில் உள்ள வால்வு அதை வெளியேற்றும். உள்ளே கம்பளி உடுப்பும், அதன்மேல் மெத்தைபோல் தடித்த உள்ளங்கியும் அணிவது வழக்கம். வெளியுறையில் அநேகமாக வெப்பம் காக்கும் சக்தி இல்லை. காப்பது உள்ளங்கியின் இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் காற்றுத்தான். அந்தக் காற்றே மனிதனை மேலே தூக்குவதுமாகும். குளிரிலிருந்து காப்பாற்றும் பொருளும் நீருக்குள் போகவிடாமல் தடுக்கும் பொருளும் ஒன்றாகவே இருப்பதால், உலர் உடைக்காரர் வெப்பத்துக்குரிய விலையை ஈயத்தால் கொடுக்கிறார். எவ்வளவு ஈயம் என்ற கேள்வி, ஆகவே, எவ்வளவு காற்று என்ற கேள்வியின் மறுபக்கம்.

நான் முதன்முதலில் இந்த உடையை அணிந்த நாளில் என் இடுப்பில் கட்டப்பட்ட ஈயம் 18 கிலோ. கற்றுத்தந்தவர் நல்லவர், அவசரக்காரர். எங்கள் வகுப்பில் நால்வர் இருந்தோம். பகல் சுருங்கிய டிசம்பர் மாதம். ஒருவர் மேலேயே மிதந்துகொண்டு நின்றால் நால்வருடைய வகுப்பும் கெட்டுவிடும் என்று எண்ணி, எல்லோரும் நிச்சயமாக மூழ்கும் அளவுக்கு எல்லோருக்கும் ஈயத்தைப் பூட்டிவிட்டார். கூழாங்கற்கள் நிறைந்த சரிவில் இறங்கி நடந்தபோதே என் இடுப்பெலும்புகள் இற்றுவிடும்போல் இருந்தன. நீருக்குள் தலை மறைந்ததும் நான் இறங்கவில்லை, விழுந்தேன். அடியிலிருந்த சேற்றில் முழங்கால்கள் பதிந்து புகைபோல் மண் எழும்பியது. உடை உடம்பை இறுக்கத் தொடங்கியது. தொடையிலும் விலாவிலும் துணியின் மடிப்புகள் கிள்ளுவதுபோல் பற்றின. மார்பு வால்வை அழுத்தினேன். மேலே எழும் அளவுக்குக் காற்றை ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிய காற்று எனக்கு வேண்டிய இடத்தில் தங்காமல், உடைக்குள் ஒரு பெரிய குமிழாகத் திரண்டு, நான் சற்றுத் தலை குனிந்தவுடன் முதுகின் வழியாக ஓடிக் கால்களுக்குள் புகுந்துகொண்டது. பாதங்கள் வானத்தையும் தலை சேற்றையும் நோக்க, சில விநாடிகள் நான் தலைகீழாகத் தொங்கினேன். ஆசிரியர் வந்து காலைப் பிடித்து நிமிர்த்தினார். அன்று இரவு குளியலறைக் கண்ணாடியில் பார்த்தபோது, துணி மடிப்புகள் கிள்ளிய இடங்களில் பிரம்படி பட்டதுபோல் சிவந்த கோடுகள் இருந்தன.

அந்த உடை எனக்குப் பொருந்தாதது என்றோ, இந்தக் கலை என்னால் ஆகாதது என்றோ பல வாரங்கள் எண்ணிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு முதிய நண்பர், கடற்கழியில் நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எனக்காகச் செலவிட்டு, ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு கயிற்றின் அருகே என்னை நிறுத்தி, ஒவ்வொரு கிலோவாக என்னிடமிருந்து கழற்றி வாங்கினார். பதின்மூன்றில் வந்து நின்றது. ஐந்து கிலோ ஈயம் வீணாக என்னோடு நீரில் இறங்கி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த ஐந்து கிலோ செய்கிற தீங்கைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோ மிகை ஈயத்தைத் தாங்கி நிற்க, ஏறக்குறைய ஐந்து லிட்டர் மிகைக் காற்றை உடையிலோ, முதுகில் அணியும் மிதவைப் பையிலோ சுமக்க வேண்டும். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கிருந்து மெல்ல மேலே வரும்போது, வெளியேற்றாவிட்டால், அந்த ஐந்து லிட்டர் பத்து மீட்டரில் ஏழரை லிட்டராகவும், ஐந்து மீட்டரில் பத்து லிட்டராகவும் பெருகும். அதாவது, நிதானம் மிக அவசியமாகிற கடைசிக் கட்டத்தில், எதற்காகவும் தேவைப்படாத காற்று ஒன்று இரு மடங்காகி மனிதனை மேலே இழுத்துக்கொண்டு நிற்கிறது. அடக்கிவிட்டால் நல்லது, ஒரு கணம் தவறினால், எழும் வேகமே குமிழை இன்னும் பெருக்க, பெருகிய குமிழ் வேகத்தை இன்னும் கூட்ட, கை வால்வு வெளியேற்றுவதற்கும் மிஞ்சிய விரைவில் மேற்பரப்புக்கு எறியப்படுகிறார். மூழ்குவதற்காகக் கட்டிய ஈயமே கட்டுக்கடங்காமல் மேலே எழுவதற்குக் காரணமாகிறது என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை. கனம் மிகுந்தால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். கனம் மிகுந்தால் குமிழும் மிகுகிறது. அபாயம் இருப்பது குமிழில்.

கனமே சிறப்பாக இருந்த காலமும் ஒன்று உண்டு. 1830-களில் ஆகஸ்டஸ் ஸீபே இங்கிலாந்தில் உருவாக்கிய மூடிய உடையும் செம்புத் தலைக்கவசமும் அணிந்து, மூழ்கிப்போன ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பலின் சிதைவுகளில் வேலை செய்தவர்கள், மார்பிலும் முதுகிலும் ஈயம் தொங்க, ஈய அடி வைத்த காலணியோடு கடலின் அடியில் நடந்தார்கள். அவர்களுக்குக் காற்று மேலேயிருந்து குழாய் வழியாக வந்தது. கயிறு மேலே படகில் இருந்தது. நிலத்தில் ஊன்றி நிற்பதே அவர்கள் தொழிலுக்கு வேண்டியது. அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்து தூத்துக்குடிச் சலாபத்தில் முத்துக்குளித்த குளியாளிகள், பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கல்லில் பாதத்தை ஊன்றிக் கயிற்றோடு கீழே சென்று, அடியை அடைந்தவுடன் கல்லை விட்டுவிட, படகில் இருந்தவர் அதை மேலே இழுத்துக்கொண்டார். அந்தக் கல் இறங்குவதற்கு மட்டும் உரியது. சிப்பி பொறுக்கும் போதும், மேலே எழும் போதும் குளியாளியின் உடம்பில் அது இல்லை. எனக்கு அந்த ஏற்பாட்டில் பெரிய விவேகம் தென்படுகிறது. இறங்குவதற்கு வேண்டிய எடை வேறு, ஏறுவதற்கு ஏற்ற எடை வேறு என்று பிரித்துணர்ந்தவர்கள் அவர்கள். உலர் உடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இறங்கும்போது கட்டிய ஈயத்தோடுதான் அவர் ஏறியும் வர வேண்டும். ஆகவே இரண்டில் எதை நினைத்து எடையை நிர்ணயிப்பது என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் இறங்குவதை நினைத்து நிர்ணயிக்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நிமிஷத்தில் மூழ்க முடியாமல் தத்தளிப்பது ஈயக் குறைவினால்தான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அநேக சந்தர்ப்பங்களில் காரணம் வேறு. காரின் அருகே உடையை அணிந்தபோது உள்ளங்கியில் அடைபட்ட காற்று இன்னும் வெளியேறவில்லை; பதற்றத்தில் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து வைத்திருக்கிறார்; தம்மை அறியாமல் கால்களை உதைத்து உடம்பை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றுக்கும் மருந்து ஈயமன்று, பொறுமை. கரையோரத்தில் மார்பளவு நீரில் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை ஒரு விரலால் சற்று விலக்கினால், உடைக்குள் இருந்த காற்று பெருமூச்சு விடுவதுபோல் சீறிக்கொண்டு வெளியேறி, துணி உடம்போடு ஒட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். பிறகு இடது கையை உயர்த்தி, மூச்சை நீள வெளியே விட்டு, கால்களை அசைக்காமல் பத்து எண்ணும் வரை காத்திருந்தால், முன்பு இரண்டு கிலோ கூடுதலாகக் கேட்ட அதே உடம்பு தானாகவே அமிழும். இந்தப் பத்து விநாடிப் பொறுமை இல்லாததால் கட்டப்படும் ஈயம் அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை. அதுவே அவருடைய 'எண்' ஆகி, பல வருஷங்கள் அவரோடு தங்கிவிடுகிறது.

ஈயத்தைக் குறை, குறை என்று நான் சொல்லிக்கொண்டே போவதாக எண்ணிவிட வேண்டாம். தேர்ந்தவர்களிடையே இதற்கு எதிரான மயக்கம் ஒன்று உண்டு. அதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. குறைந்த எடையில் இறங்குவதே திறமைக்கு அடையாளம் என்று கருதி, 'நான் எட்டுக் கிலோதான்', 'நான் ஏழுதான்' என்று ஒருவரையொருவர் விஞ்சிச் சொல்லிக்கொள்வார்கள். முக்குளிப்பின் தொடக்கத்தில் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் சிலிண்டரில் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு. பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 230 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை மூன்று கிலோவுக்கு மேல். 50 பார் மீதம் இருக்கும்போது அதில் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான பகுதி சுவாசத்தில் போய்விட்டிருக்கும். இரட்டைச் சிலிண்டர் சுமப்பவருக்கு ஐந்து கிலோவும் போகலாம். எல்லா வேலையும் முடிந்து, உடம்பு குளிர்ந்து, கைவிரல் மரத்து, மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், ஐந்து ஆறு மீட்டர் ஆழத்தில் அசையாது நிற்க வேண்டிய அந்த நேரத்தில் மனிதர் தொடங்கியபோது இருந்ததைவிட அவ்வளவு லகுவாகிவிடுகிறார்.

ஓர்க்னித் தீவுகளில் ஸ்காப்பா ஃப்ளோ என்னும் உள்கடலில் இது எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கிற்று. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர் தங்கள் போர்க்கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்த இடம் அது. பின்னாளில் மீட்டெடுக்கப்பட்டவை போக ஏழு பெரிய கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் பொருட்டு ஆறு மீட்டரில் நெடுநேரம் தங்கித்தான் ஏற வேண்டும். எங்கள் குழுவில் இருந்த ஒருவர், சிக்கனமான எடைக்குப் பெயர்போனவர், அந்த ஆறு மீட்டரில் கயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கினார். அவர் தொங்கியது மேல்நோக்கி. கால்கள் ஆகாயத்தை நோக்கி எழ எழ, உடையிலிருந்த காற்றை முழுவதுமாக வெளியேற்றி, துணி தோலோடு ஒட்ட, வெப்பம் காக்கும் படலம் எதுவும் இல்லாமல் இருபது நிமிஷம் நடுங்கிக்கொண்டிருந்தார். படகில் ஏறியபோது அவர் உதடுகள் நீலமாக இருந்தன. கோப்பையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. குளிர் வெறும் அசௌகரியமன்று. ஆழத்தில் உடம்பு சூடாக இருந்து, ஏறும் கட்டத்தில் குளிர்ந்துபோனால் நைட்ரஜன் நோயின் அபாயம் பெரிதும் கூடுகிறது என்று அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புப் பரிசோதனைப் பிரிவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வீண் பெருமைக்காக இரண்டு கிலோவைக் குறைத்துக்கொண்டவர், தமக்கு மிகவும் வேண்டிய நேரத்தில் காற்றுப் போர்வையை உதறிவிடும் நிலைக்கு வருகிறார். சூடாக இருக்கும் அளவுக்கு உடைக்குள் காற்று வைத்துக்கொள்ள ஒரு கிலோ கூடுதலாக வேண்டுமானால் அந்தக் கிலோ நியாயமான கிலோ. அதைச் சுமப்பதில் இழுக்கு எதுவும் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அளக்கும் முறை எளிது. அதை ஒரு முறை செய்துவிட்டால் அதன் நியாயம் தானே விளங்கும். முக்குளிப்பு முடியும் தறுவாயில், சிலிண்டரில் 50 பார் அளவு மீதம் இருக்கும்போது, ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு கயிற்றின் அருகே, துணைவர் பார்த்துக்கொண்டிருக்க, முதுகிலுள்ள மிதவைப் பையை முற்றிலும் காலி செய்ய வேண்டும். உடையின் கை வால்வை முழுவதும் திறந்து, முழங்கையை உயர்த்தி, காற்று வெளியேறி முடியும் வரை காத்திருந்து, பிறகு இறுக்கம் நீங்கிக் கைகளை இயல்பாக நீட்டி மடக்கும் அளவுக்கும், அன்றைய குளிருக்கு வேண்டிய அளவுக்கும் மட்டும் மறுபடி சிறிது காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் கால்களைக் கட்டிப்போட்டாற்போல் அசைக்காமல், கயிற்றைத் தொடாமல், சாதாரணமாகச் சுவாசித்துக்கொண்டு இருந்து பார்க்க வேண்டும். மெல்லத் தாழ்ந்தால் துணைவரிடம் ஒரு கிலோவைக் கொடுத்துவிடலாம். மெல்ல எழுந்தால் ஒரு கிலோவை வாங்கிக்கொள்ளலாம். மூச்சை இழுக்கும்போது ஒரு சாண் எழுந்து, விடும்போது ஒரு சாண் தாழ்ந்து, அங்கேயே நிற்கும் நிலை வந்துவிட்டால் அதுதான் எடை. மேலே வந்ததும், கை காய்வதற்கு முன், உடை இன்னது, உள்ளங்கி இன்னது, சிலிண்டர் இன்னது, நீர் இன்னது, எடை இவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலில் ஏதேனும் ஒன்று மாறினாலும் பரீட்சையையும் மறுபடி செய்யத்தான் வேண்டும். அலுமினியச் சிலிண்டர் காலியாக ஆக மேலே இழுக்கும் இயல்புடையது. எஃகுச் சிலிண்டர் காலியானாலும் பெரும்பாலும் கீழேயே இருக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சுமந்தால் எடை இரண்டு மூன்று கிலோ மாறிவிடும். புதிய உள்ளங்கி வாங்கினால் மாறும். பழையது துவைத்துத் துவைத்து நைந்துபோனாலும் மாறும். உப்பு நீர் நன்னீரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தியானது. உடம்பும் உபகரணமுமாகச் சேர்ந்து நூறு கிலோ இருப்பவருக்குக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே இரண்டரைக் கிலோ வித்தியாசம். ஐஸ்லாந்தில் திங்வெட்லிர் சமவெளியில், பனியாற்று நீர் எரிமலைப் பாறைகளின் ஊடே வடிந்து நிறையும் சில்ஃப்ரா என்னும் பிளவைக் காண உலகெங்கிலுமிருந்து முக்குளிப்போர் செல்கிறார்கள்; வருஷம் முழுதும் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிர்ந்திருக்கும் அந்த நீர் பளிங்கு போன்ற நன்னீர்; கடலில் அறிந்த எண்ணைக் கொண்டு அங்கே இறங்குபவர் அந்த அழகைத் தரையில் உரசிக்கொண்டே காண்பார்.

எங்கள் கழிகளில் இதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு. மலைகளில் பெருமழை பெய்த மறுநாள் ஓடைகளெல்லாம் கழியில் வந்து கலக்க, கனமான உப்பு நீரின்மேல் லகுவான நன்னீர் ஒரு படலமாகப் பரவி நிற்கிறது. தேநீர்போல் பழுப்பு நிறமுள்ள அந்தப் படலத்தைக் கடந்து கீழே சென்றால், எண்ணெயும் நீரும் கலந்தாற்போல் கண்ணெதிரே மங்கலாக அசையும் ஒரு எல்லை தெரியும். அதற்குக் கீழே தெளிந்த கடல். மேற்பரப்பில் மிதந்து எடையைப் பார்ப்பவர் அந்த நன்னீரில் பார்க்கிறார், எளிதாக அமிழ்கிறார், சரியாக இருக்கிறது என்று மகிழ்கிறார். ஐந்து மீட்டரில் உப்பு நீருக்குள் வந்து நிற்க முயலும்போதுதான் இரண்டு கிலோ குறைவு என்பது தெரியவருகிறது. மேற்பரப்பில் கண்மட்டம் வரை மிதந்து பார்க்கும் பரீட்சையைப் பல நூல்கள் சொல்கின்றன; அது வெறும் தொடக்கம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஈயத்தை எங்கே கட்டுவது என்பதில் நீண்ட வாதம் தேவையில்லை. முழுவதையும் இடுப்பில் கட்டினால் முதுகும் நோகும், கால்களும் தொங்கும். சிறிது இடுப்பிலும், சிறிது சிலிண்டரின் பட்டையிலும், கால்கள் ஓயாமல் மேலே எழுபவர்க்கு அரைக் கிலோ கணுக்காலிலுமாகப் பிரித்துக்கொள்வது நலம். மிதப்பைச் சரிசெய்ய உடைக்குள் காற்றை ஏற்றுவதா, மிதவைப் பையில் ஏற்றுவதா என்ற பழைய வழக்கிலும், எடை சரியாக இருந்துவிட்டால் இரண்டு கட்சியாருக்கும் இடையே உள்ள வேற்றுமை மிகச் சிறிது என்பது என் துணிபு. எடை தவறாக இருப்பவர்கள்தான் அந்த வழக்கில் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது.

ஆனால் ஈயத்தில் ஒரு பகுதியையேனும் ஆபத்தில் கைக்கெட்டிக் கழற்றிவிடும்படி அமைத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடம் இல்லை. 2020-இல் வட அமெரிக்காவின் குளிர்ந்த மலையேரி ஒன்றில், பயிற்சிக்காக இறங்கிய இளம்பெண் ஒருத்தி உயிரிழந்தாள். அவள் உடைக்குள் காற்றை ஏற்றும் குழாய் இணைக்கப்படவே இல்லை. அவள்மேல் ஏறக்குறைய 20 கிலோ ஈயம் இருந்தது. அதுவும் அவசரத்தில் கழற்றி எறிய முடியாத பைகளில் இருந்தது. ஆழம் செல்லச் செல்ல உடை அவளை நெருக்கியது. அதைத் தளர்த்த வழியில்லை. உடன் இருந்தவர் இழுத்தும் தூக்க முடியவில்லை. குழாய் ஒன்று இணைக்கப்பட்டிருந்தால், ஈயம் பாதியாக இருந்திருந்தால், கழற்றும் பிடி ஒன்று கைக்கு எட்டியிருந்தால் என்று அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எண்ணி எண்ணி மாய்ந்திருக்கிறேன். என் முதல் நாளின் 18 கிலோ என் நினைவுக்கு வராத தருணமே அதில் இல்லை. எனக்கு நேர்ந்தது தலைகீழாகத் தொங்கிய சில விநாடிகளோடு போயிற்று. அவளுக்கு அப்படிப் போகவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே: புதியவர் மேல் பிறர் அளக்காமல் ஏற்றிய பாரம்.

பயிற்சி தருவோருக்கும், உடையை வாடகைக்குக் கொடுப்போருக்கும் நான் சொல்வது இதுதான். முதல் நாளின் முதல் மணியை ஆழத்துக்கு ஒதுக்காதீர்கள். ஐந்து மீட்டருக்கு ஒதுக்குங்கள். நால்வரில் ஒருவர் மிதந்துகொண்டு நின்றால் மற்ற மூவரும் காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்பே பாடத்தின் முக்கியப் பகுதி. உயரத்தையும் எடையையும் கேட்டு மேஜையில் இருந்தபடியே எண்ணைச் சொல்லும் அட்டவணைகளை, எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எங்கே முடிக்க வேண்டும் என்பதை அட்டவணை அறியாது.

படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் கனடாவுக்கும் வந்து, விடுமுறை நாட்களில் இந்தக் குளிர்ந்த நீரின் அழகை நாடும் தமிழ் இளைஞர்களை இப்போதெல்லாம் கரையில் அடிக்கடி காண்கிறேன். பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசக் கூசுவது நம் வளர்ப்பு. ஆசிரியர் கட்டிய ஈயத்தைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். அப்படிக் கூச வேண்டாம். "ஐந்து மீட்டரில் என் எடையைப் பார்த்த பிறகு ஆழத்துக்குப் போகலாமா, ஐயா?" என்று பணிவாகவே கேளுங்கள். நேரமில்லை என்று அவர் சொன்னால், அன்று நீரில் இறங்காமல் கரையிலேயே இருந்துவிடுங்கள்.